உயர்த்திய ஜிம்னியில் ரயர் உரஞ்சிய கதை

முதலில் கேட்டது சங்குப்பிட்டிப் பாலத்தில். பூநகரியில் மாமாவின் வயலிலிருந்து மூன்று மூட்டை மொட்டைக்கறுப்பன் நெல்லைப் பின்னால் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலத்தில் ஏறும் இடத்தில் வண்டி ஒருக்கால் குந்தி எழும்பியது, அந்த நேரம் பின்பக்கத்தில் 'கிர்ர்க்' என்று ஒரு சத்தம், தகரப் படலையைச் சீமெந்துத் தரையில் யாரோ இழுத்த மாதிரி. பாலத்தைக் கடந்து ஓரம் கட்டி, குனிந்து பார்த்தால் பின் ரயர் இரண்டின் தோள்பட்டையிலும் மினுங்கலாக ஒரு கோடு, மட்காட்டின் உட்பக்கத்தில் பெயின்ற் போய் வெள்ளை இரும்பு தெரிகிறது, றப்பர் தீய்ந்த மணம் வேறு.

முன் ரயரும் உரஞ்சும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டு ஒழுங்கைக்குள் திருப்பும்போதெல்லாம் கேட்கிற சத்தம்தான். அதைப் பழகிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சுமை ஏற்றிக்கொண்டு போகும்போது பின் ரயர் உரஞ்சுவது வேறு விஷயம், அறுபதில் போகும்போது ரயரின் பக்கச் சுவர் கிழிந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டே மிச்சத் தூரத்தை நாற்பதில் ஓட்டி வந்தேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுசுகி ஜிம்னி, ஜேபி43, 1.3 லீற்றர் பெற்றோல். ஏணி மாதிரியான தனிச் சேசிஸ், முன்னும் பின்னும் ஒரே துண்டான உறுதி அக்சில், நாலு மூலையிலும் சுருள் ஸ்பிரிங். கொழும்பில் ஒருவரிடம் வாங்கினேன், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய ஜிம்னிக்குக்கூட என்ன விலை சொன்னார்கள் என்பதைக் கேட்காதீர்கள். வாங்கும்போதே இரண்டு இஞ்சி உயர்த்திய ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீளமான சொக் அப்சோபரும் போட்டிருந்தது. ரயர் மட்டும் கொம்பனி அளவு, 205/70ஆர்15. உயர்ந்த உடம்புக்குக் கீழே அந்தச் சின்னச் சில்லுகள், வேட்டியை மடித்துக் கட்டின மெலிஞ்ச மனுசன் மாதிரி இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. 235/75ஆர்15 அளவில் சேற்று ரயர் நாலு வாங்கிப் போட்டேன். பிரச்சினை முழுக்க அங்கே தொடங்கியது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன், அது பாதிதான் சரி.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் எதற்கு இந்த உயரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாரியில், கார்த்திகை மார்கழி வெள்ளத்தில், வயல் பாதையில் மாட்டு வண்டித் தடத்துக்குள் ஒருக்கால் இறக்கிப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். சரி, வடிவுக்காகவும்தான், பொய் சொல்லக்கூடாது.

கணக்கு இதுதான். 205/70ஆர்15 என்றால் அகலம் 205 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 70, அதாவது 143.5. இரண்டு பக்கமும் சேர்த்து 287, நடுவில் 15 இஞ்சி வளையம் 381, மொத்தம் 668 மி.மீ. விட்டம். இதே கணக்கில் 235/75ஆர்15 போட்டால் 733 வரும். விட்டத்தில் 65 கூடினால் ஆரையில் 33 மி.மீ. கூடுகிறது. 'இரண்டு இஞ்சி, அதாவது 50 மி.மீ. உயர்த்தியிருக்கிறேன், 33 தானே கேட்கிறது, 17 மிச்சம்' என்று கடையில் நின்று மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். இந்தக் கழித்தலில்தான் என் பிழை முழுவதும் இருந்தது.

கராச்சுக்குப் போகமுதல் நானாகச் செய்த வைத்தியங்களையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதே வரிசையில் இதே பிழைகளைச் செய்த இன்னும் இரண்டு பேரைப் பிறகு சந்தித்தேன்.

முதலில் ஸ்ரியறிங் நிறுத்தி போல்ற். முன் சில்லின் முட்டிக்குப் பின்னால் ஒரு போல்ற் இருக்கும், சில்லு எவ்வளவு தூரம் திரும்பலாம் என்பதை அது அக்சிலில் முட்டி நிறுத்தும். அதை வெளியே திருகினால் சில்லு குறைவாகத் திரும்பும், ரயர் உள்ளே இருக்கும் முன் கையில், அதாவது அக்சிலைச் சேசிஸோடு பிடித்திருக்கும் தண்டில், உரஞ்சாது. ஐந்து சுற்றுத் திருகினேன். உரஞ்சல் நின்றது, வண்டி திரும்புவதும் நின்றது. எங்கள் ஒழுங்கை வாசலில் ஒரே வெட்டில் உள்ளே போகிற ஜிம்னி, இப்போது முன்னுக்கும் பின்னுக்கும் மூன்று தரம் போய் வந்து, பக்கத்து வீட்டுக் கிடுகு வேலியையும் ஒருக்கால் தொட்டுவிட்டு உள்ளே போனது. அம்மா 'உதுக்கு லொறி வாங்கியிருக்கலாம்' என்றார்.

அடுத்தது ஸ்பேசர். சில்லுக்கும் ஹப்புக்கும் நடுவே 25 மி.மீ. அலுமினியத் தட்டு போட்டு சில்லை வெளியே தள்ளுவது. போல்ற்றைப் பழையபடி விட்டுவிட்டு இதைப் போட்டேன். முன் கையில் உரஞ்சுவது உண்மையாகவே நின்றது. ஆனால் சில்லு வெளியே போனால் திரும்பும்போது அது போடும் வட்டமும் பெரிதாகும், அதை நான் யோசிக்கவில்லை. இப்போது ரயரின் வெளித் தோள் முன்னால் பம்பரின் மூலையிலும் பின்னால் மட்காட்டின் அடியிலும் மாறி மாறிக் கடித்தது. கிடங்கில் விழுந்தால் ஸ்ரியறிங் கையில் உதறியது. ஒரு நோயைக் கொடுத்து இரண்டை வாங்கின மாதிரி.

மூன்றாவது வைத்தியம் நல்லவேளை நடக்கவில்லை. ரயர் வாங்கின இடத்தில் போய்க் கேட்டபோது 'இன்னும் ஒரு இஞ்சி உயர்த்துங்கோ, எல்லாம் சரிவரும்' என்றார்கள். ஸ்பிரிங்குக்கு விலைகூடக் கேட்டுவிட்டேன்.

அந்த நேரம்தான் ஒரு சிநேகிதன், 'மச்சான், ஸ்பிரிங்குக்குக் காசு கட்ட முதல் கொக்குவில்லில இருக்கிற அந்த அண்ணையிட்ட ஒருக்கால் காட்டு' என்றான். அவருக்கு அறுபதுக்கு மேலே வயது. சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓடவைத்த தலைமுறை. சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பொனட்டைத் திறக்கவில்லை. ஜாக் வைக்கவுமில்லை.

'எங்க உரஞ்சுது?'

'முன்னுக்கும் பின்னுக்கும் அண்ணை.'

'அது இல்லைத் தம்பி. எந்த இடத்தில? எப்ப?'

எனக்கு விடை தெரியவில்லை. ஆறு மாதமாக அந்தச் சத்தத்தோடு ஓடியிருக்கிறேன், எந்த இடம் என்று தெரியாது. அவர் திட்டவில்லை, உள்ளே திரும்பி 'பெடியன், அந்தச் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு வா' என்றார்.

வெற்றிலைச் சுண்ணாம்புதான். ஒரு ஜாம் போத்தல் மூடியில் அதைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈரத் துணியால் ரயரைத் துடைத்துக் காயவிட்டு, பழைய பல்லுத் தூரிகையால் நாலு ரயரின் தோளிலும் பக்கச் சுவரிலும் உள்ளும் வெளியுமாகப் பூசினார். பிறகு கராச் முற்றத்தில் மெதுவாக, முழுதாக இடப்பக்கம் திருப்பி ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று, அதேமாதிரிப் பின்னுக்கு இரண்டு சுற்று. நிறுத்தி, ரோச் அடித்துப் பார்த்தால் எங்கெல்லாம் தொட்டதோ அங்கெல்லாம் வெள்ளை.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். வெள்ளை ஒட்டிய இடங்களைத் துடைக்காமலே, மிச்சச் சுண்ணாம்பில் ஒரு கரண்டி மஞ்சள் தூளைப் போட்டுக் குழைத்தார். ஆரத்தித் தண்ணி மாதிரிச் சிவந்தது. அதை ரயரில் பூசி, பின்னால் நாலு மூட்டை சீமெந்தை ஏற்றி, 'இப்ப அந்த மதகுக்கு மேல நேர ஓடும், திருப்பாமல்' என்று அனுப்பினார். போய் வந்து பார்த்தால் வெள்ளைக்குப் பக்கத்தில் வேறு இடங்களில் சிவப்பு. திருப்பும்போது உரஞ்சுவது வெள்ளை, அமுங்கும்போது உரஞ்சுவது சிவப்பு. ஒரு சத்தம் என்று நான் நினைத்தது நாலு வெவ்வேறு இடமாக மட்காட்டுக்குள் எழுதிக் கிடந்தது.

வெள்ளை இரண்டு இடத்தில். ஒன்று முன் பம்பரின் மூலையும் மட்காட்டின் பின் அடியும், அது ஸ்பேசரின் கைங்கரியம், ஸ்பேசரைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஓடினபோது பம்பரில் இல்லாமல் போய் உள்ளே முன் கையில் வந்தது. அதிலும் வலப்பக்கம் நன்றாக, இடப்பக்கம் பட்டும்படாமல். இரண்டாவது, ஸ்பேசர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன் சில்லுக்குப் பின்னால், கதவுக்கு முன்னே இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டிய விளிம்பில். சிவப்பும் இரண்டு இடத்தில். முன் மட்காட்டின் உள்ளே பிளாஸ்ரிக் மறைப்பின் மேற்பகுதி, பின் மட்காட்டின் முன்பக்கச் சரிவு. பாலத்தில் கேட்டது இந்தக் கடைசி.

பின் மட்காட்டின் முன்பக்கம் மட்டும் ஏன்? முன் மட்காட்டின் பின்பக்கம் மட்டும் ஏன்? ரயர் பெரிதானால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித்தானே பெரிதாகும்? இதைக் கேட்டபோது அண்ணை அளவு ரேப்பை என்னிடம் தந்தார். முன் ஹப்பின் நடுவிலிருந்து பின் ஹப்பின் நடுவுக்கு அளக்கச் சொன்னார். இந்த ஜிம்னிக்குக் கொம்பனி கொடுத்த அளவு 2250 மி.மீ. என் வண்டியில் இடப்பக்கம் 2236, வலப்பக்கமும் 2236. வண்டி 14 மி.மீ. கட்டையாகியிருக்கிறது!

இதற்குக் காரணம் ஜிம்னியின் அமைப்பு. முன் அக்சிலைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளும் அதற்குப் பின்னால் சேசிஸில் பூட்டப்பட்டிருக்கின்றன. பின் அக்சிலைப் பிடித்திருக்கும் கைகள் அதற்கு முன்னால். படலை திறக்கும்போது அதன் நுனி நேர்க்கோட்டில் போகாது, வளைந்துதான் போகும். இந்தக் கைகளும் அப்படித்தான். உடம்பை ஸ்பிரிங்கால் மேலே தூக்கினால் கைகள் கீழ்நோக்கிச் சரிகின்றன, சரியச் சரிய நுனி தன் பூட்டை நோக்கி நெருங்குகிறது. முன் அக்சில் பின்னுக்கு வருகிறது, பின் அக்சில் முன்னுக்கு வருகிறது. சில்லு மட்காட்டின் நடுவில் இல்லை. கொம்பனி ரயரோடு ஓடின காலத்தில் இடம் தாராளமாக இருந்ததால் கொழும்புக்காரருக்கு இது தெரியவே தெரியாது. ரயர் வந்து வெளிக்காட்டியது, அவ்வளவுதான். இன்னும் ஒரு இஞ்சி உயர்த்தியிருந்தால் அக்சில் இன்னும் பின்னுக்குப் போயிருக்கும், காசு கட்டி உரஞ்சலைக் கூட்டியிருப்பேன்.

வலம் இடம் வித்தியாசத்துக்கும் இதே கதைதான், குறுக்குவாட்டில். அக்சில் பக்கவாட்டில் அசையாமல் இருக்க ஒரு குறுக்குக் கம்பி, பான்ஹார்ட் றொட் என்பார்கள், ஒரு முனை சேசிஸில், மற்ற முனை அக்சிலில். வண்டி உயர்ந்தால் இந்தக் கம்பியும் சரிந்து, அக்சிலைத் தன் சேசிஸ் முனைப் பக்கம் இழுக்கும். மட்காட்டின் விளிம்பிலிருந்து மேசன்மாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ரயரின் வெளிச் சுவருக்கு அளந்தோம். இரு பக்கத்துக்கும் 14 மி.மீ. வித்தியாசம். அதாவது அக்சில் ஒரு பக்கமாக 7 மி.மீ. நகர்ந்திருக்கிறது, ஒரு பக்கம் ஏழு கூட, மற்றப் பக்கம் ஏழு குறைய. ஏழு மி.மீ. ஒரு பென்சிலின் தடிப்பு. அந்தப் பென்சில்தான் ஒரு பக்கம் நன்றாக உரஞ்ச, மறுபக்கம் பட்டும்படாமல் விட்டது.

இதுவரைக்கும் கேட்டு நான் ஓரளவு தெளிந்துவிட்டேன். ஆனால் சிவப்பு அடையாளம், அதாவது அமுங்கும்போது உரஞ்சுவது, அதுதான் என் கழித்தல் கணக்கைக் கிழித்துப் போட்டது. அடுத்த நாள் காலையில் வண்டியைச் சேசிஸில் தாங்கி நிறுத்தி, முன் ஸ்பிரிங் இரண்டையும் சொக்கையும் கழற்றி வெளியே எடுத்தார்கள். ரயர் பூட்டியபடியே. அக்சிலுக்கு அடியில் ஜாக்கை வைத்து மெதுவாக ஏற்ற ஏற்ற ரயர் மட்காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஸ்பிரிங் இல்லாததால் தடுக்க ஒன்றுமில்லை. கடைசியில் அக்சில் போய் முட்டு றப்பரில் நின்றது. அந்த நிலையில் ரயருக்கும் பிளாஸ்ரிக் மறைப்புக்கும் இடையே என் சுண்டு விரல் போகவில்லை. அங்கேயே ஸ்ரியறிங்கைத் திருப்பினால் ரயர் மறைப்பைத் தள்ளிக்கொண்டு போனது. முட்டு றப்பர் இன்னும் அமுங்கவே தொடங்கவில்லை, ஓட்டத்தில் அதுவும் சேர்ந்து நசுங்கும்.

அப்போதுதான் விளங்கியது. ஸ்பிரிங் உயர்த்துவது வண்டி நிற்கும்போது இருக்கிற உயரத்தை மட்டும். சில்லு எவ்வளவு மேலே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது முட்டு றப்பர், அதை யாரும் தொடவில்லை. முழுதாக அமுங்கினால் உயர்த்திய வண்டியிலும் உயர்த்தாத வண்டியிலும் அக்சில் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். ஆனால் என் ரயர் 33 மி.மீ. பெரிது. ஐம்பதிலிருந்து முப்பத்து மூன்றைக் கழித்தேனே, அந்த ஐம்பது அமுங்கும் நேரத்தில் பூச்சியம். பூச்சியத்திலிருந்து 33ஐக் கழித்துப் பாருங்கள்.

இதற்கு அண்ணை சொன்ன மருந்து மிக மலிவு. முட்டு றப்பருக்கும் அது பூட்டியிருக்கும் இரும்புக்கும் நடுவே 30 மி.மீ. தடிப்பில் ஒரு வட்டத் துண்டு. லேத் பட்டறையில் நைலோன் உருளையிலிருந்து நாலு துண்டு கடைந்து, நடுவில் துளை போட்டு, நீளமான போல்ற் வாங்கிப் பூட்டினோம். நாலுக்கும் கொடுத்த காசில் ஒரு குடும்பத்துக்குக் கொத்துறொட்டி வாங்கலாம், அதுக்கு மேலே இல்லை. 33 வேண்டிய இடத்தில் 30 போதுமா என்று கேட்டேன். முட்டு றப்பர் வண்டியின் நடுப்பக்கமாக உள்ளே இருக்கிறது, ரயர் வெளியே இருக்கிறது, ஒரு பக்கச் சில்லு மட்டும் கிடங்கில் ஏறும்போது அக்சில் சரிவதால் றப்பர் இருக்கும் இடம் 30 உயர்ந்தால் ரயர் இருக்கும் இடம் அதைவிடக் கூட உயரும். ஆகவே உள்ளே 30 ஐத் தடுத்தால் வெளியே அதற்கு மேலே மிச்சம். இன்னொரு நன்மையும் உண்டு. உயர்த்திய வண்டிக்குப் போடும் நீளமான சொக், மூடினாலும் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். முட்டு றப்பர் பழைய உயரத்தில் இருந்தால் அக்சில் அதில் முட்டமுதல் சொக் தனக்குள்ளே முட்டி உடையும். என் பின் சொக் ஒன்று எண்ணெய் கசிந்ததுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

பக்கவாட்டுக்கு, நீளத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடிய பான்ஹார்ட் றொட் முன்னுக்கும் பின்னுக்கும். இது கொழும்பிலிருந்து வந்தது, இதில்தான் காசு போனது. விலை எழுதவில்லை, டொலரோடு அது மாறிக்கொண்டே இருக்கும். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. வண்டியைத் தூக்கி வைத்துச் சில்லு தொங்கும்போது நீளம் சரிபார்த்தால் பிழைத்துவிடும், நாலு சில்லும் நிலத்தில் நிற்கும்போதுதான் தூக்குக்குண்டு போட்டு அளக்கவேண்டும், கம்பி முனைகளில் றப்பர் புஷ்ஷைப் பிடிக்கும் போல்ற்றுகளைக் கடைசியாக இறுக்குவதும் அப்போதுதான். தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கினதும் உள்ளே றப்பர் முறுகி நின்று கொஞ்ச நாளில் கிழியும். இன்னொன்று, அக்சிலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் ஸ்ரியறிங் வளையம் கோணலாக நிற்கும், ஸ்ரியறிங் பெட்டியிலிருந்து சில்லுக்குப் போகும் தண்டையும் திருகி நேராக்க வேண்டும். நான் அதைச் செய்யாமல் ஒரு நாள் ஓடினேன், நேரே போகும்போது வளையத்தின் நடுவிலிருக்கும் சுசுகி அடையாளம் நல்லூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

முன் பின் நகர்வுக்குத்தான் முழு மருந்து இல்லை. சேசிஸில் கைகள் பூட்டும் இடத்தை ஒரு தாங்கி போட்டுக் கீழே இறக்கினால் கைகள் பழைய சரிவுக்கு வரும், அக்சிலும் தன் இடத்துக்குப் போகும். ஆனால் அந்தத் தாங்கி வண்டியின் அடியில் நீட்டிக்கொண்டு நிற்கும், வயல் வரம்பில் முதலில் முட்டுவது அதுதான், உயர்த்தினதின் பலன் போய்விடும். நீளமான கைகளும் உண்டு, விலை கேட்டுவிட்டு போனை வைத்தேன். முடிவில் முன் கைகளில் மையம் விலகிய புஷ் மட்டும் மாற்றினோம். அது அக்சிலை முன்னுக்குக் கொண்டுவராது, அப்படிக் கொண்டுவரும் என்று விற்கிறவர்கள் சொன்னால் நம்பவேண்டாம். உயர்த்தியபோது முன் அக்சில் சற்றே உருண்டு காஸ்ரர் கோணம், அதாவது சில்லு திரும்பும் அச்சு பின்னுக்குச் சாய்ந்திருக்கும் அளவு, குறைந்திருந்தது, அதைத்தான் அது சரிசெய்யும். வளைவு முடிந்து கையை விட்டால் ஸ்ரியறிங் தானாக நேரே வராமல் இருந்ததும், ஏ9 வீதியில் ஆனையிறவுக் காற்றில் வண்டி அங்குமிங்கும் அலைந்ததும் இதனால்தான். ரயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் திறந்த நேரத்தில் மாற்றாவிட்டால் மடத்தனம்.

மிச்சம் வெட்டுக்கொத்துதான். பிளாஸ்ரிக் மறைப்பைக் கழற்றாமல் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் இளக்கி, மரக் கட்டையால் உள்ளே அமத்திப் பிடித்து ஈரத் துணி போட்டு ஆறவைத்தால் அப்படியே நிற்கும். வெட்டினால் சேறு முழுக்க உள்ளே போகும். முன் பம்பரின் அடி மூலையை இரண்டு விரல் அளவு அரிந்தோம். கதவுக்கு முன்னாலுள்ள அந்தத் தகட்டு விளிம்பை மட்டும் வெட்டவிடவில்லை அண்ணை. அது இரண்டு தகடுகளைப் பிடித்திருக்கும் ஒட்டு, வெட்டினால் தகடு திறந்துவிடும். கட்டையை வைத்துச் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு மடித்துப் படுக்கவைத்தார், ஒரு பக்கத்துக்கு முக்கால் மணித்தியாலம். அந்த முக்கால் மணித்தியாலமும் எனக்கு வயிற்றுக்குள் ஒரு மாதிரி இருந்தது.

பின் மட்காட்டின் முன் சரிவிலும் அதே மடிப்பு. ஸ்பேசர் நாலும் இப்போது வீட்டு அலுமாரிக்கு அடியில். கடைசியாகத் திரும்பச் சுண்ணாம்பு பூசிப் பார்த்தபோது, முழுதாகத் திருப்பினால் முன் கைகளில் இரு பக்கமும் ஒரேயளவாக, ஒரு தலைமயிர் மாதிரி வெள்ளைக் கோடு மிச்சம் இருந்தது. ஒரேயளவாக இருந்ததைப் பார்த்து எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அதற்கு நிறுத்தி போல்ற்றை இரு பக்கமும் ஒன்றரைச் சுற்று மட்டும் வெளியே எடுத்தோம். முதலில் ஐந்து சுற்றுத் திருகின அதே போல்ற். ஒழுங்கைக்குள் இப்போது ஒரே வெட்டில் போகிறேன்.

சோதனைக்கு மணற்காடு. பழைய அந்தோனியார் கோயில் இடிபாடு மணலுக்குள் புதைந்து கிடக்கும் பக்கம், சவுக்கந்தோப்பை ஒட்டின பாதையில். மணல் மேட்டுக்கு மேலே ஏறவில்லை, ஏறவும் கூடாது, இருக்கிற மேட்டையும் கரைத்துவிட்டு என்ன செய்யப்போகிறோம். மணலுக்காக ரயர் காற்றை 28 பிஎஸ்ஐயிலிருந்து 16க்கு இறக்கினேன். இது நல்ல பரீட்சை, காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் பிதுங்கும், தார் றோட்டில் தொடாத ரயர் அங்கே தொடும். குறுக்கே ஒரு வாய்க்கால் தடத்தில் முன் இடச் சில்லு மேலே, பின் வலச் சில்லு மேலே என்று வண்டி முறுகி நின்றபோது இறங்கிப் பார்த்தேன். முன் ரயருக்கும் மறைப்புக்கும் இடையே இரண்டு விரல் போனது. முழுதாகத் திருப்பிப் பின்னுக்கு எடுத்தபோது மட்டும் வலப்பக்கம் பிதுங்கிய சுவர் முன் கையை மெதுவாகத் தடவியது. காற்றைத் திரும்ப அடித்ததும் அதுவும் இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

வேகமானி இனிப் பொய் சொல்லும். ரயரின் விட்டம் நூற்றுக்குப் பத்துக் கிட்டக் கூடியதால், 65 காட்டும்போது கணக்குப்படி 71 போகவேண்டும். கைபேசியின் ஜிபிஎஸ் 69 காட்டியது, கொம்பனியில் வேகமானியைக் கொஞ்சம் கூட்டிக் காட்டத்தான் வைத்திருப்பார்கள். 70 எல்லையுள்ள றோட்டில் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறேன். ஐந்தாம் கியரில் இழுவையும் குறைந்துவிட்டது, அதற்கு மருந்து பல்லுச் சக்கரம் மாற்றுவது, அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை. இன்று புதிதாக ரயர் வாங்குவதென்றால் 215/75ஆர்15 தான் வாங்குவேன். விட்டம் 703, ஆரையில் 18 மி.மீ. தான் கூட. பான்ஹார்ட் றொட்டும் நைலோன் துண்டும் போட்டால் சுத்தியலே தேவைப்பட்டிருக்காது.

போன கிழமை திரும்பவும் பூநகரி, திரும்பவும் மூன்று மூட்டை, திரும்பவும் அதே பாலம். வண்டி குந்தியது, முட்டு றப்பரில் 'தொப்' என்று ஒரு மெல்லிய சத்தம் வந்தது, ரயர் வாய் திறக்கவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து கழுவும்போது, சுத்தியலால் மடித்த விளிம்பில் இடப்பக்கம் ஒரு மயிரளவு வெடிப்பைக் கண்டேன். மடிக்கும்போது பழைய சீலர் உடைந்த இடத்தில் துத்தநாகப் பிரைமர் அடித்து, புதுச் சீலர் பூசி, அதற்கு மேலே பெயின்றும் மெழுகும் போட்டிருந்தோம், என்றாலும் பண்ணைப் பாலத்தால் தினமும் போய் வருகிற வண்டி, உப்புக் காற்று சும்மா விடாது. நகத்தால் சுரண்டினால் ஒரு ஓரத்தில் சீலர் கையோடு வந்தது, உள்ளே இன்னும் கறள் பிடிக்கவில்லை. சனிக்கிழமை அண்ணையிடம் கொண்டுபோகிறேன், மாரிக்கு முதல் அதைச் சுரண்டித் திரும்பப் பூசவேண்டும்.